நம்பர் இல்லாத ஆளு: ஊருக்குப் போய்ட்டு வந்த கதை

2019க்கு அப்புறம் இப்பதான் ஊருக்குப் போனேன், 2025 பொங்கலுக்கு, மூணு வாரம், கும்பகோணம். இருக்கிறது ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம், 2017லேர்ந்து. போறதுக்கு முன்னாடி எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "ஊரே மாறிப் போச்சுடா, எல்லாம் போன்லயே முடிஞ்சிடும், நீ பர்ஸே எடுத்துட்டு வர வேணாம்". நானும் நம்பி சந்தோஷமா போனேன். போன்லயே முடியும்ங்கிறது நெஜம்தான், ஆனா யார் போன்ல முடியும்ங்கிறத எவனும் சொல்லல.

மொதல்ல ரயில். பொங்கல் சமயத்துல டிக்கெட் கெடைக்காதுன்னு தெரியும், 120 நாள் முன்னாடியே போடலாம்னு நெனச்சுட்டு இருந்தா, 2024 நவம்பர் 1லேர்ந்து அத 60 நாளாக்கிட்டாங்க. காலைல 8 மணிக்கு புக்கிங் ஓப்பன் ஆகும், இங்க குளிர்காலத்துல அது விடியக்காலை மூணரை மணி. அலாரம் வச்சு எழுந்து, போர்வையோட உக்காந்து, பேரு வயசு எல்லாம் முன்னாடியே அடிச்சு ரெடியா வச்சு, 8 அடிச்சதும் அமுக்குனா சுத்துது சுத்துது, சுத்தி முடிச்சுட்டு வெயிட்டிங் லிஸ்ட்னு வந்துச்சு. தூக்கம் போனதுதான் மிச்சம்.

அதனால பஸ்ஸு. முன்னாடி சென்னைல கோயம்பேடு, இப்ப தென் பக்கம் போற பஸ் எல்லாம் கிளாம்பாக்கம், 2023 டிசம்பர் கடைசில தெறந்தது. ஏர்போர்ட்லேர்ந்து ஆப்ல ஆட்டோ போட்டேன். புக் ஆன உடனே டிரைவர் போன் பண்ணி மூணு கேள்வி, "எங்க சார் டிராப்? எவ்ளோ காட்டுது? கேஷா ஜிபேயா?" ஆப்ல எல்லாமே இருக்கு, அவர் ஸ்க்ரீன்லயும் இருக்கு, ஆனாலும் கேப்பார். மூணாவதுக்கு கேஷ்னு சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, சில்லறை இருக்குமான்னு யோசிக்கிறார் போல. அப்புறம் "மேல ஒரு அம்பது போட்டுக் குடுங்க". குடுத்தேன், தப்பு சொல்ல மாட்டேன், கவர்மெண்ட் மீட்டர் ரேட்டு 2013ல வச்சது, மொத 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அதே ரேட்டுல இன்னிக்கு ஓட்டுன்னு சொன்னா யார் ஓட்டுவா?

கிளாம்பாக்கம் நல்லா இருந்துச்சு, இதச் சொல்லியே ஆகணும். பெருசா, வெளிச்சமா, பாத்ரூம் நெஜமாவே சுத்தமா. பக்கத்துல ரயில்வே ஸ்டேஷன் அப்பதான் கட்டிட்டு இருந்தாங்க, அது வர்ற வரைக்கும் மூட்டை முடிச்சோட வர்றவங்க பாடு கஷ்டம்தான். எந்த பிளாட்பாரம்னு பெரிய போர்டுல ஓடிக்கிட்டே இருக்கு, ஆனா ஒருத்தரும் போர்டப் பாக்கல, எல்லாரும் காக்கிச் சட்டை போட்ட ஒருத்தரச் சுத்தி நின்னு "அண்ணே கும்மோணம் எங்க, மாயவரம் எங்க"ன்னு கேக்குறாங்க. அவரும் போர்டப் பாக்காமயே சொல்றார். நானும் போர்டப் பாத்துட்டு, சந்தேகத்துக்கு அவர்கிட்டயும் ஒரு தடவ கேட்டுக்கிட்டேன். ஜெர்மனில எட்டு வருஷமா இருந்தும் அந்தப் பழக்கம் போகல.

பஸ்ல பின்னாடி சீட்ல ஒருத்தர் திண்டிவனம் தாண்டுற வரைக்கும் சவுண்டா ரீல்ஸ் பாத்துட்டே வந்தார், ஒவ்வொண்ணும் பத்து செகண்டு. முழு பாட்டு கேட்டாகூட தூங்கிருவேன், இந்த துண்டு துண்டா வர்றதுதான் முடியல. ஒரு வயசான அம்மா திரும்பி "தம்பி ஒண்ணையாவது முழுசா கேளுப்பா"ன்னாங்க, அதோட நிறுத்திட்டார். விக்கிரவாண்டி திரும்புனதும் பழைய கதைதான், நாலு வழிச்சாலை வேலை அப்பவும் நடந்துட்டு இருந்துச்சு, கொஞ்ச தூரம் வழுக்கிட்டு போச்சு, கொஞ்ச தூரம் குலுக்கிட்டு போச்சு.

ஊர்ல எறங்குனதும் டீ குடிக்கலாம்னு கடைக்குப் போய் பர்ஸத் தெறந்தா, 2019ல மிச்சமாகி எடுத்துட்டுப் போன நாலு ரெண்டாயிரம் ரூபா நோட்டு. டீக்கடைக்காரர் அத வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு பக்கத்துல இருந்தவருக்குக் காட்டுறார், பழைய காசு சேக்கறவங்க காட்டுவாங்களே அது மாதிரி. 2023 மே மாசம் வாபஸ்னு அறிவிச்சு, அக்டோபர் 7 வரைக்கும் பேங்க்ல வாங்கிட்டு இருந்தாங்க, அப்புறம் ரிசர்வ் பேங்க்கோட 19 ஆபீஸ்ல மட்டும்தான். எனக்கு நியூஸ் தெரியும், ஆனா என் பர்ஸுல இருக்குன்னு தோணவே இல்ல. அத்தான் வாங்கி வச்சுக்கிட்டார், சென்னை போறப்ப மாத்துறேன்னு.

அப்புறம் ஏடிஎம்ல ஜெர்மனி கார்டு போட்டு எடுத்தா வர்றது எல்லாம் ஐநூறு ரூபா தாள். அதுக்கு எவன்கிட்டயும் சில்லறை இல்ல. முன்னாடி சில்லறை இல்லன்னா மிட்டாய் குடுப்பாங்க, இப்ப கல்லாப் பெட்டிலயே ஒண்ணும் இருக்கறதில்ல, எல்லாம் அந்த ஸ்டாண்டு வச்ச க்யூஆர் அட்டைதான். உச்சிப் பிள்ளையார் கோயில் பக்கத்துல பூ விக்கிற பாட்டி, முப்பது ரூபா பூவுக்கு ஐநூறு நீட்டுனா "ஏன்யா உன்கிட்ட போன் இல்லயா"ன்னு பாவமா கேக்குது. கையில ஆயிரம் யூரோ போன் இருக்கு பாட்டி, அதுல யூபிஐ தான் இல்ல.

ஏன் இல்லன்னு கேளுங்க. யூபிஐ வந்தது 2016, நான் போனதுக்கு அடுத்துதான் ஊரெல்லாம் பரவுச்சு. 2023 ஜனவரில வெளிநாட்டு நம்பர வச்சும் என்ஆர்ஐ அக்கவுண்ட்ல யூபிஐ போடலாம்னு 10 நாட்டுக்கு அனுமதி குடுத்தாங்க, சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஹாங்காங், வளைகுடால நாலு. ஜெர்மனி கெடையாது. சரி நம்ம பழைய இந்தியா நம்பர் இருக்கேன்னா, அத ரீசார்ஜ் பண்ணாம விட்டு எப்பவோ கட்டாயிடுச்சு. பேங்க் அக்கவுண்ட், ஆதார், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த நம்பர்லதான் இருக்கு. ஊருக்கு வந்தப்புறம்தான் புரிஞ்சுது, ஆளு நான் இல்ல, அந்த நம்பர்தான் ஆளு.

அக்கா போன்லேர்ந்து என் பழைய நம்பருக்கே போட்டுப் பாத்தேன். ஒரு அம்மா எடுத்தாங்க, ஒட்டன்சத்திரம் பக்கமாம். தயங்கித் தயங்கி விஷயத்தச் சொன்னதும், "அட நீங்கதானா தம்பி அது!"ன்னு ஒரே குஷி. என் பேர் தெரிஞ்சிருக்கு, எந்த பேங்க்னு தெரிஞ்சிருக்கு, வட்டி எவ்ளோ ஏறுதுன்னு கூடத் தெரிஞ்சிருக்கு. "உங்க கூடப் படிச்சவங்க போல, வருஷா வருஷம் பொறந்த நாளுக்கு ரெண்டு பேர் மெசேஜ் போடுவாங்க, நானும் தேங்க்ஸ்னு போட்டு விட்ருவேன்"னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, ரொம்ப நன்றிக்கான்னு வச்சேன்.

அக்கா பையன் காலேஜ் படிக்கிறான், அவன் ஐடியா குடுத்தான், "மாமா, ஆன்லைன்லயே நம்பர் மாத்திக்கலாம், பழைய நம்பருக்கு ஓடிபி போகும், அந்த ஆன்ட்டிகிட்ட கேட்டு வாங்கிருங்க". நல்ல ஐடியாவாத்தான் பட்டுச்சு. போட்டேன், ஓடிபி போச்சு, அவங்களுக்கு போன் பண்ணி கேட்டேன். "அது மட்டும் கேக்காதீங்க தம்பி, யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கான், உங்களையே யாருன்னு எனக்குத் தெரியாதுல்ல"ன்னு சொல்லிட்டாங்க. அந்த நிமிஷம் கோவம் வந்துச்சு. ராத்திரி படுத்துட்டு யோசிச்சா, என் பணத்த இத்தன வருஷம் பத்திரமா பாத்துக்கிட்டது அவங்கதான்.

இது ஏன் எனக்கு இவ்ளோ பெருசா பட்டுச்சுன்னா, மத்த எடத்துல எல்லாம் நெலமை தலைகீழ். அடுத்த நாள் பேங்க்குக்குப் போனேன், எந்த பேங்க்னு வேணாம். கவுண்டர்ல ஒருத்தங்க ஓடிபிய வாய்விட்டு படிக்கிறாங்க, "நாலு ஏழு ஏழு ரெண்டு", பின்னாடி வரிசைல நிக்கிற எங்க எல்லாருக்கும் மனப்பாடம். ஒரு பெரியவர் ஏடிஎம் கார்டையும் போனையும் சேத்து நீட்டி "நீயே போட்டு எடுத்துக் குடுப்பா"ன்னு செக்யூரிட்டிகிட்ட குடுக்குறார், கார்டு கவர்லயே பின் நம்பர் பேனால எழுதியிருக்கு. அந்த செக்யூரிட்டி அண்ணன்தான் உண்மையில பிராஞ்ச் மேனேஜர்னு சொல்லணும். எந்த ஃபார்ம், எங்க கையெழுத்து, எந்த மேடம்கிட்ட போனா வேலை ஆகும், யார் சாப்பிடப் போயிருக்காங்க எல்லாம் அவருக்குத்தான் தெரியும். எனக்கும் அவர்தான் ஃபார்ம் எடுத்துக் குடுத்தார். உள்ள மேடம் பாஸ்போர்ட்டப் பாத்துட்டு "வெளிநாட்டுல இருக்கீங்க, இது சாதா சேவிங்ஸ் அக்கவுண்டா வச்சிருக்கக் கூடாது, என்ஆர்ஓவா மாத்தணும்"னாங்க, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான அக்கவுண்டா. சரியாத்தான் சொல்றாங்க, 2017லயே பண்ணியிருக்கணும், என் தப்பு. பொங்கல் லீவு முடிஞ்சு வாங்கன்னாங்க. முடிஞ்சு போனா கையெழுத்து ஒத்து வரலன்னாங்க, ஏழு வருஷத்துல என் கையெழுத்து சோம்பேறியாகி பாதியாயிடுச்சு. நாலாவது நடைல முடிஞ்சுது.

நடுவுல புது சிம் ஒண்ணு வாங்குனேன், ஆதார் காட்டி, கேமராவப் பாத்து கண்ணு சிமிட்டி. அதுக்கும் ஓடிபி போக வேற ஒரு நம்பர் கேட்டாங்க, அக்கா நம்பர் குடுத்தேன். அப்புறம் ஆதார்ல நம்பர் மாத்தினது, அப்ப 50 ரூபா, போஸ்ட் ஆபீஸ்ல, அது ஒண்ணுதான் வலியில்லாம முடிஞ்ச வேலை.

அதுவரைக்கும் மூணு வாரத்துல பாதிக்கு மேல அக்கா பையன் போன்லதான் என் பொழப்பு ஓடுச்சு. காபி குடிச்சா அவன் ஸ்கேன் பண்ணுவான், செருப்பு வாங்குனா அவன், மருந்து வாங்குனா அவன். திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டான், "விடுங்க மாமா". காலேஜ் பையன் காசுல நாப்பது வயசு ஆளு டீ குடிக்கிறது எப்படி இருக்கும். கடைசில ஐநூறு தாள் ரெண்டு அவன் புஸ்தகத்துல சொருகி வச்சேன், அடுத்த நாள் அது என் பெட்டிக்குள்ள இருந்துச்சு. இதுல அந்த ஸ்பீக்கர் பொட்டி வேற, தெருவுக்கே கேக்குற மாதிரி "நானூத்தி எண்பது ரூபாய் பெறப்பட்டது"ன்னு கத்தும். மெடிக்கல் ஷாப்ல நின்னா யார் எவ்ளோக்கு மாத்திரை வாங்குறாங்கன்னு எல்லாருக்கும் தெரியுது. பக்கத்து வீட்டு மாமி அம்மாகிட்ட "நேத்து ஸ்வீட் கடைல ஆயிரத்து இருநூறுக்கு வாங்குனீங்க போல"ன்னு கேட்டாங்க. கடைக்கு ஏமாறாம இருக்க அது வேணும், புரியுது, கூட்டத்துல எவன் போட்டான் எவன் போடலன்னு பாக்க முடியாது. ஜெர்மனில எங்க தெரு பேக்கரில இன்னிக்கும் காசு மட்டும்தான் வாங்குறாங்க, அங்க நான் மூணு பன்னு வாங்குனேனா முப்பது வாங்குனேனான்னு ஒருத்தருக்கும் தெரியாது. எது ஒசத்தின்னு கேட்டா, அவசரத்துக்கு ஊர் முறைதான். மாத்திரை வாங்க ஜெர்மனி முறை.

அம்மாவுக்கு இந்த மெஷினுங்களோட தனி சண்டை. பொங்கல் தொகுப்பு வாங்க டோக்கன் எடுத்துட்டு ரேஷன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், அந்த வருஷம் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. வெரல் வச்சா மெஷின் எடுக்கல. அம்மாவுக்கு எழுபத்தி மூணு, அம்பது வருஷம் பாத்திரம் தேச்ச வெரல், ரேகை எங்கேர்ந்து இருக்கும். கடைக்காரர் "தலைல தேச்சுட்டு வைங்கம்மா"ன்னார், தேச்சாங்க, எடுக்கல. வேற வெரல், எடுக்கல. பின்னாடி நிக்கிறவங்க ஆளாளுக்கு வைத்தியம் சொல்றாங்க, ஒருத்தங்க தண்ணி பாட்டில் குடுக்குறாங்க, ஒருத்தங்க முந்தானைல தொடச்சு விடுறாங்க. கடைசில கண்ண ஸ்கேன் பண்ணி முடிச்சாங்க. இதுக்குள்ள பதினஞ்சு நிமிஷம், ஒருத்தர்கூட முணுமுணுக்கல. இதே கூட்டம்தான் பஸ் வந்தா ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்கும்.

பென்ஷன் விஷயத்துல மட்டும் அம்மா ரொம்ப குஷி. உயிரோட இருக்கேன்னு காட்ட முன்னாடி ட்ரெஷரிக்குப் போய் காத்துக் கெடக்கணும், போன வருஷம் போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து போன்ல படம் பிடிச்சு 70 ரூபா வாங்கிட்டு முடிச்சுட்டாராம். "முற்றத்துல வெளிச்சம் நல்லாருக்கும்னு அங்க உக்கார வச்சார்டா, காபி குடுத்தேன்"னு ரெண்டு தடவ சொன்னாங்க. ஸ்டுட்கார்ட்ல ஒரு சின்ன முகவரி மாத்துற வேலைக்கு டெர்மின், அதான் அப்பாயின்ட்மென்ட், வாங்கவே ஆறு வாரம் ஆச்சு எனக்கு, போனா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது, அந்த அஞ்சு நிமிஷத்துல அந்தம்மா என் முகத்தப் பாத்தாங்களான்னே ஞாபகம் இல்ல. ஊர்ல ஒரு வேலைக்கு நாலு நடை, ஆனா நாலாவது நடைல செக்யூரிட்டி அண்ணன் "என்ன சார் இன்னும் முடியலயா, வாங்க நான் சொல்றேன்"னு கூடவே உள்ள வந்தார். இப்படி கூட வர ஆள் இல்லாதவன் அந்தக் கவுண்டர்ல என்ன பண்ணுவான்னு அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம், அத்தான் கிட்ட பதில் இல்ல, என்கிட்டயும் இல்ல.

யூபிஐ எனக்கு வேலை செய்ய ஆரம்பிச்சது கெளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. மொத வேலையா அந்தப் பூக்கார பாட்டிகிட்ட போய் முப்பது ரூபா போட்டேன், பொட்டி கத்துச்சு, பாட்டி "வந்துருச்சு வந்துருச்சு"ன்னு ஒரு மொழம் கூடப் போட்டுக் குடுத்துச்சு. சிம்ம மாசாமாசம் ரீசார்ஜ் பண்றது அக்கா பையன் பொறுப்பு, அவனே அலாரம் வச்சுக்கிட்டான்.

ஃப்ராங்க்ஃபர்ட்ல எறங்கி போன ஆன் பண்ணா வாட்ஸாப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒட்டன்சத்திரத்து அக்கா. "தம்பி, பத்திரமா போய்ச் சேந்தீங்களா. பேங்க் மெசேஜ் வர்றது நின்னு போச்சு, சந்தோஷம். இன்சூரன்ஸ் கட்ட மார்ச் அஞ்சு கடைசி நாளுன்னு வந்திருக்கு, அது மாத்த மறந்துட்டீங்க போல."

மறந்துதான் போச்சு.