பழைய போர் விமானத்தில் ஏறப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவின் சிற்றூர் ஏர்போர்ட்டுகளில் ராணுவ வீரர்களைக் கௌரவிக்க நடக்கும் பழைய போர் விமானக் காட்சிகள் பெரும்பாலும் நேர்மையானவை. ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் நடத்துபவை. இந்தக் கோடையில் நடந்த ஒன்று அப்படி இல்லை. போஸ்டரில் பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-51 மஸ்டாங்கும் கொட்டை எழுத்தில். களத்தில் நின்றவை ஒரு டி-6 டெக்ஸன், இரண்டு ஸ்டியர்மேன். எல்லாமே பயிற்சி விமானங்கள். பி-17 சவாரிக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர்களிடம், "இன்ஜின் கோளாறு, விமானம் வரவில்லை. நீங்கள் கொடுத்தது நன்கொடை, திரும்பாது" என்று கைவிரித்துவிட்டார்கள்.

இன்ஜின் கோளாறு சகஜம். பி-17க்கு நான்கு ரைட் சைக்ளோன் இன்ஜின், ஒவ்வொன்றிலும் ஒன்பது சிலிண்டர். ஒன்று படுத்தாலும் பயணம் ரத்து. அதைக் குறை சொல்ல முடியாது. டிக்கெட் என்று விற்றதை ரீஃபண்ட் கேட்டதும் நன்கொடை ஆக்கினார்களே, அதுதான் மோசடி.

பி-17, பி-25, பி-51 போன்ற போர் விமானங்கள் பெரும்பாலும் 'லிமிடெட்' அல்லது 'எக்ஸ்பெரிமென்டல்' வகைச் சான்றிதழில் பறப்பவை. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தனி விலக்கு தராமல் இவற்றில் காசு வாங்கி ஆள் ஏற்றக்கூடாது. பெயரை நன்கொடை என்று மாற்றினாலும் சட்டம் மாறாது. விலக்கு பெறுபவர்களுக்குப் பராமரிப்பு நிபந்தனைகள் உண்டு. 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட்டின் பிராட்லி ஏர்போர்ட்டில் சவாரி போன பி-17 விழுந்து 7 பேர் இறந்தார்கள். நான்காம் இன்ஜினின் இரண்டு மேக்னெட்டோக்களும் (சிலிண்டரில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவிகள்) சரியாக இல்லை என்று விசாரணையில் தெரிந்தது. ஒன்றின் வயர் பிடிமானம் விட்டு உறையில் உரசிக்கொண்டிருந்தது. அந்த விமானத்தை இயக்கிய அமைப்பின் விலக்கை எஃப்ஏஏ 2020இல் ரத்து செய்தது.

டி-6, ஸ்டியர்மேன் பலவற்றுக்கு 'ஸ்டாண்டர்ட்' சான்றிதழ் இருக்கும். எஃப்ஏஏ அனுமதிக் கடிதம் இருந்தால் காசு வாங்கி ஆள் ஏற்றி 25 மைலுக்குள் சுற்றி அதே ஏர்போர்ட்டில் இறக்கிவிடலாம்.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். வாலிலோ உடலிலோ 'என்' (N) எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை எஃப்ஏஏ பதிவுப் பக்கத்தில் போட்டால் சான்றிதழின் வகை வந்துவிடும். நேரில் போனால் ஏறும் இடத்தருகே பாருங்கள்: லிமிடெட், எக்ஸ்பெரிமென்டல் என்றால் அந்தச் சொல் 2 முதல் 6 அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும். இருந்தால் விலக்குக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். முறையாக நடத்துபவர்கள் தயங்காமல் காட்டுவார்கள்.

ஸ்டார்ட் பண்ணுவதையும் கவனியுங்கள். இரவெல்லாம் நின்ற ரேடியல் இன்ஜினில் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த இன்ஜின்) கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கியிருக்கலாம். அப்படியே பற்றவைத்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனை இணைக்கும் தண்டு) வளையக்கூடும். அதனால் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றுவார்கள், இல்லையென்றால் மேக்னெட்டோவை ஆஃப் செய்து ஸ்டார்ட்டரால் சுற்றி, சில பிளேடுகள் கடப்பதை எண்ணுவார்கள். இரண்டும் இல்லையா, ஏறாதீர்கள்.

விமானம் வராவிட்டால், மழை பெய்தால் பணம் என்னாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "வீரர் நலனுக்கு" என்றால் அமைப்பின் ஒன்பது இலக்க வரி எண்ணைக் கேட்டு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) தேடல் பக்கத்தில் பாருங்கள். போலிப் பக்கங்களும் டிக்கெட் விற்கின்றன. ஏர்போர்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். ஸெல், கேஷ் ஆப் போன்ற பணம் அனுப்பும் ஆப்கள் வேண்டவே வேண்டாம், போனால் போனதுதான். கிரெடிட் கார்டில் கட்டி ஏமாந்தவர்கள், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். போஸ்டரின் ஸ்கிரீன்ஷாட்டையும் 'டிக்கெட்' என்று போட்ட ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.