மதுரையில் ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நான் கீபோர்டு வாசிப்பவன். இருபத்தெட்டு வருடமாக மதுரையைச் சுற்றி மெல்லிசைக் கச்சேரி. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் தூக்கம் கிடையாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஏதாவது ஒரு திருவிழா மேடையில் இருப்பேன். மற்ற மாதங்களில் செல்லூர் வீட்டு மாடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பக்திப் பாட்டு, குறும்படப் பின்னணி என்று ஏதாவது ஓடும். பக்கத்துத் தறி ஓயும் நேரம் பார்த்துத்தான் குரல் பதிவு. எனக்கு இசையும் தெரியும், கம்ப்யூட்டரும் ஓரளவு தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தெரிந்தும் எழுபதாயிரம் ரூபாய் போனது.

போன மாசியில் மேலூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஆறு பாட்டு கேட்டு வந்தார்கள். அதில் ஒரு பெரியவர், "தம்பி, சினிமாவுல வர்ற மாதிரி கூட்டமா வயலின் வாசிக்கணும். நம்ம சாமி வர்ற இடத்துல புல்லரிக்கணும்" என்றார். சென்னையில் ஆள் வைத்து வாசிக்க வைத்தால் அவர்கள் கொடுக்கும் மொத்தப் பணமும் அதற்கே போய்விடும். எனவே சாம்பிள்தான் வழி.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஸ்டுடியோக்களில் உண்மையான வயலின், டிரம்பெட், டிம்பனிக் கலைஞர்களை ஒவ்வொரு ஸ்வரமாக, மெதுவாக, அழுத்தமாக, வெட்டி வெட்டி என்று பல விதமாக வாசிக்கவைத்துப் பதிவு செய்து விற்கிறார்கள். அதுதான் சாம்பிள் லைப்ரரி. அதைக் கீபோர்டில் வாசிக்கலாம். ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு இப்படி நூற்றுக்கணக்கான டிராக் வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் அதை முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தால் மெட்டு மறந்துபோகும். அதனால் எல்லா வாத்தியத்தையும் ஏற்றி, நிறம் கொடுத்து, எக்கோ, ரிவர்ப் எல்லாம் இணைத்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்வார்கள். கச்சேரிக்கு முன்பே மைக் வைத்து, சவுண்ட் செக் முடித்துத் தயாராக நிற்கும் மேடை போல. அதற்குப் பெயர் டெம்ப்ளேட்.

எங்கள் குழுவில் முன்பு பேடு (எலக்ட்ரானிக் தாள வாத்தியம்) வாசித்த நண்பர் ஒருவர் மூலம் அந்த ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும். வாய் நிறைய அண்ணே. "சென்னையில பெரிய பெரிய ஸ்டுடியோவுக்கெல்லாம் நான்தான்ணே செட் பண்ணிக் குடுத்தேன். நீங்க கையை வச்சா போதும், ஆர்கெஸ்ட்ரா எந்திரிச்சு நிக்கும்." கணக்கு இப்படி: லைப்ரரிகளும் சாப்ட்வேரும் ரூ. 42,000. அதையெல்லாம் வைக்க வேகமான டிஸ்க், புது 2 டிபி எஸ்எஸ்டி ரூ. 13,000. டெம்ப்ளேட் போட்டுத் தரும் கூலி ரூ. 15,000. பில் கேட்டேன். "பில்லு போட்டா பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி வரும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவன் எழுதிக் கொடுத்த லைப்ரரிப் பட்டியலை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக் கூட்டிப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். லட்சங்களில் வரும் சரக்கு நாற்பத்திரண்டாயிரத்துக்கு வருகிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். மலிவாக வருகிறதே என்ற ஆசை பார்க்கவிடவில்லை.

இரண்டு நாள் மாடியிலேயே உட்கார்ந்து செய்தான். என் மனைவி இரண்டு வேளையும் சாப்பாடு போட்டாள். முதல் வேலையாக வைரஸ் தடுக்கும் விண்டோஸ் டிஃபெண்டரை அணைத்தான். "இது சாம்பிளை ஸ்கேன் பண்ணி ஸ்லோ ஆக்கும்ணே." இரண்டாவது, "இந்த மெஷின்ல நெட் மட்டும் போட்டுராதீங்க. மியூசிக் மெஷினுக்கு நெட்டே ஆகாது" என்றான். நெட் இல்லாமல் ஸ்டுடியோ மெஷின் வைத்திருப்பவர்கள் உண்டு என்பதால் நம்பினேன். உண்மையான காரணம் வேறு என்று இப்போது தெரிகிறது. திருட்டுப் பிரதி என்றால் டிஃபெண்டர் பிடித்துவிடக்கூடும்.

முடித்துவிட்டுத் திறந்து காட்டினான். 640 டிராக். புல்லாங்குழல் பச்சை, பித்தளை வாத்தியம் மஞ்சள், வயலின் நீலம். கண்ணுக்கு அத்தனை குளிர்ச்சி. ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

வேலை செய்ய உட்கார்ந்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கோப்பு திறக்க இருபத்து மூன்று நிமிடம். நான் கீழே போய்க் குளித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. என்னுடையது 32 ஜிபி ராம். அதற்கு 640 டிராக்கையும் உயிரோடு ஏற்றி வைப்பது பைத்தியக்காரத்தனம். நான் வேலை செய்யும் கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் தேவையில்லாத டிராக்கை டிசேபிள் செய்து வைத்து, வேண்டும்போது மட்டும் எழுப்பலாம். லைப்ரரிகளை ஓட்டும் கான்டாக்ட் என்ற மென்பொருளில் பர்ஜ் செய்தால் வாசிக்கும் ஸ்வரங்கள் மட்டுமே ராமில் ஏறும். இரண்டையும் அவன் செய்யவில்லை. எஸ்எஸ்டியைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தான். அதில் விநாடிக்கு நாற்பது எம்பி வந்தாலே பெரிது. நீல நிற யுஎஸ்பி 3 துளை பக்கத்திலேயே காலியாக இருந்தது.

அதைவிட மோசம், ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிப்பது) என்று பெயர் போட்ட இடத்தைத் தொட்டால் பிட்ஸிக்காட்டோ (தந்தியை விரலால் சுண்டுவது) கேட்டது. எந்தப் பெயருக்கு எந்த வாசிப்பு என்று சொல்லும் எக்ஸ்பிரஷன் மேப் வேறு ஏதோ லைப்ரரிக்காக எழுதப்பட்டது. ஸ்வரங்களை இழைத்து வாசிக்கும் லெகாட்டோ வயலின் எல்லாம் தாளத்துக்குப் பின்னால் இழுத்தது. லெகாட்டோ சாம்பிள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கி வர நேரம் எடுக்கும். உதாரணத்துக்குச் சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் என்ற லைப்ரரியில் மெதுவான லெகாட்டோவுக்கு 333 மில்லி விநாடி. அந்த அளவுக்கு டிராக்கை முன்னால் தள்ளி வைப்பது டெம்ப்ளேட் போடுபவனின் அடிப்படை வேலை. ஒரு டிராக்கில்கூட அது இல்லை. எல்லா வாத்தியமும் ஒரே ஸ்டீரியோ அவுட்டுக்குப் போனதால், மிக்ஸ் செய்பவருக்கு வயலின் தனி, பித்தளை தனி என்று ஸ்டெம் எடுத்துக் கொடுக்கவும் வழியில்லை. கோப்பின் ஒரு மூலையில் யாரோ வெளிநாட்டுக்காரரின் படக் காட்சிக் குறிப்புகள் இருந்தன. யாரோ எப்போதோ போட்ட டெம்ப்ளேட்டை அப்படியே என் மெஷினில் இறக்கிவிட்டுப் பதினைந்தாயிரம் வாங்கியிருக்கிறான்.

போன் போட்டால், "பழகப் பழகச் சரியாயிரும்ணே."

எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனி மாதம் ஒரு நாள் என் மகள் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட அந்தக் கம்ப்யூட்டரில் நெட்டைப் போட்டாள். டிஃபெண்டர் தானாக விழித்துக்கொண்டு ஏதோ ஒரு கோப்பைத் தூக்கிவிட்டது. கான்டாக்ட் திறக்கவில்லை. மறுநாள் காலை ஊர்க்காரர்கள் பாட்டுக் கேட்க வருகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு அவனைப் பிடித்தேன். "ஒண்ணும் இல்லண்ணே, கம்பெனி சைட்லயே ஃப்ரீயா இருக்கு, அதை இறக்கிப் போடுங்க, அதேதான்" என்றான். போட்டேன். திறந்தது. மேலே சின்னதாக டெமோ என்று வந்தது. நாம் போடுவது டெமோ பாட்டுதானே என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். இப்போது சிரிப்பு வருகிறது.

அவன் சொன்னது கான்டாக்ட் பிளேயர் என்ற இலவசப் பதிப்பு. பிளேயருக்கென்று உரிமம் பெற்ற லைப்ரரிகள் அதில் முழுதாக ஓடும். மற்றவை பதினைந்து நிமிடம் மட்டும் ஓடி நின்றுவிடும்.

காலையில் ஐந்து பேர் வந்தார்கள். பெரியவர் தேங்காய், பழம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கோப்பு இருபத்து மூன்று நிமிடம் திறந்துகொண்டிருந்தது. காபி கொடுத்து, ஊர்க்கதை பேசி ஓட்டினேன். திறந்த பிறகும் பேச்சு சற்று நீண்டது. டிராக் வரிசையில் புல்லாங்குழல் முதலில், வயலின் கடைசியில். அதாவது கடைசி வயலின் ஏறி முடிப்பதற்குள் முதலில் ஏறிய புல்லாங்குழலுக்குப் பதினைந்து நிமிடம் முடிந்துபோயிருந்தது. பாட்டைப் போட்டேன். முன்னிசையில் குழலே இல்லை. "என்ன தம்பி, ஆரம்பத்துல ஒரு குழல் வரும்னீங்களே?" நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பித்தளை நின்றது. சாமி வரும் இடத்தில், சரணம் ஏறும்போது, வயலின் ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. கடைசியில் என் குரலும் தவிலும் மட்டும் கேட்டன. புல்லரித்தது எனக்குத்தான்.

பெரியவர் கோபப்படவில்லை. "மிஷினு கோளாறு போல, இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்தார். இருபத்தெட்டு வருடத்தில் மேடையில் கரண்ட் போயிருக்கிறது, மழை வந்து ஷாமியானா விழுந்திருக்கிறது. அன்றைக்குப் பட்ட வெட்கம் எப்போதும் பட்டதில்லை.

அப்புறம் அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். எனக்குத் தெரிந்த பொறியியல் மாணவன் ஒருவன் வந்து பார்த்தான். எந்த லைப்ரரிக்கும் என் பெயரிலோ மின்னஞ்சலிலோ உரிமம் கிடையாது. "புது" எஸ்எஸ்டியைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தான்: ஓடிய நேரம் பதினாலாயிரம் மணிக்கு மேல். ராப்பகலாக ஓடினால்கூட ஐந்நூற்று எண்பது நாள் ஆகும். நான் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அனுப்பி வைத்த பேடு நண்பரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் அப்படித்தான் பண்ணினான்ணே. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார். எனக்குக் கோபம் அவன் மேல் வந்ததைவிட இவர் மேல் அதிகம் வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான், நானும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பது உறைத்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது பெரிய ஓட்டை. ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருக்கின்றன. அவன் "எல்லாம் ஒரிஜினல்ணே" என்று அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் யாராவது வந்தால் முதலில் கேட்க வேண்டியது உரிமம் யார் பெயரில் என்பதுதான். லைப்ரரியை நீங்களே நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, உங்கள் கார்டில் வாங்குங்கள். அமைத்துத் தருபவனுக்குக் கூலி மட்டும் கொடுங்கள். ஹார்டு டிஸ்கோடு லைப்ரரி தருகிறேன் என்றாலே கதவைச் சாத்திவிடலாம். பல நிறுவனங்கள் ஒருவர் வாங்கிய உரிமத்தை இன்னொருவருக்கு விற்கவே விடுவதில்லை. டிஃபெண்டரை அணைக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். டெம்ப்ளேட்டை உங்கள் மெஷினில், உங்கள் பாட்டு ஒன்றை வைத்து, உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை டிராக் என்பதில் மயங்க வேண்டாம், நான் மயங்கினேன்.

கோயில் பாட்டு ஆவணியில் முடிந்தது. ஸ்பிட்ஃபயர் என்ற நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியில் டிஸ்கவர் என்ற சின்னப் பதிப்பு இலவசமாகவே கிடைத்தது. லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவு செய்தது. அளவு சில நூறு எம்பிதான். நானே உட்கார்ந்து 34 டிராக்கில் ஒரு டெம்ப்ளேட் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் திறக்கிறது. அதன் மேல் இசைக் கல்லூரியில் படித்த பையன் ஒருவனை வரவழைத்து, ஒரே வரியை நான்கு முறை வயலினில் வாசிக்கவைத்து அடுக்கினேன். வெள்ளைக்காரர் சாம்பிளில் கமகம் கிடையாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் நம் ராகத்தின் வளைவு அதில் வராது. பெரியவர் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நேற்று அவன் எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப். மொத்தமாகப் பல பேருக்கு அனுப்பியதில் என் எண்ணை நீக்க மறந்திருக்கிறான். "தீபாவளி ஆஃபர்! முழு ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட், 800 டிராக், ரூ. 49,999 மட்டும். ஆயுள் முழுக்க சப்போர்ட்ணே."