ஐஎஸ்ஓ 9001 சான்றா, ஜேசிஐ அங்கீகாரமா?

மருத்துவமனை வரவேற்பறையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். சொல்லும் சேதி வேறு.

ஐஎஸ்ஓ 9001 எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் மேலாண்மைத் தரம். திருகாணி செய்யும் ஆலையும் இதே விதிகளின்படிதான் சான்று வாங்குகிறது. செய்யப்போவதை வரையறு, அதன்படி செய், செய்ததற்குப் பதிவு காட்டு: சாரம் இதுதான். நோயாளியை எப்படி அடையாளம் காண்பது என்று அதில் ஒரு வரி கிடையாது. 1999 முதல் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜேசிஐ (ஜாயின்ட் கமிஷன் இன்டர்நேஷனல்) அதை நேராகவே சொல்கிறது: குறைந்தது 2 அடையாளங்கள் வேண்டும், அறை எண் கணக்கில் வராது. காரணம் எளிது, நோயாளி படுக்கை மாறுவார். செறிவான பொட்டாசியம் குளோரைடு மருந்துக் குப்பிக்கும் (ஆம்பூல்) ஜேசிஐயில் இப்படி நேரடி விதி உண்டு. நீர்க்காமல் இரத்த நாளத்தில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால், கண்ட அலமாரியிலும் அதை வைக்க விடமாட்டார்கள்.

சோதிக்கும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு. ஜேசிஐ ஆய்வாளர் ஒரு நோயாளியின் கோப்பை எடுத்துக்கொண்டு, அவர் போன வழியிலேயே அவசரப் பிரிவு, அறுவை அரங்கு, வார்டு என நடப்பார். எதிர்ப்படும் செவிலியரிடம் கேள்வி கேட்பார். அங்கே அழகாக அடுக்கிய ஆவணங்கள் கைகொடுக்காது.

ஐஎஸ்ஓவில் முதல் கட்டம் பெரும்பாலும் ஆவணங்கள், தயார்நிலை. இரண்டாம் கட்டம் நேரடித் தணிக்கை. சான்று 3 ஆண்டு செல்லும், இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. பலர் சறுக்குவது, வேறொரு மருத்துவமனையின் நடைமுறைக் கையேட்டை அப்படியே நகலெடுப்பதில். கையேட்டில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு, பதிவேட்டில் 2 மணி நேர இடைவெளி. சொந்த வாக்குறுதியே குற்றச்சாட்டாகிவிடும். ஜேசிஐ முழு ஆய்வும் 3 ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆய்வுக் குழு கிளம்பியதும் பிடி தளர்வது அங்கே வழக்கமான நோய்.

ஆய்வகத்துக்கு மட்டும் என்றால் இரண்டையும் விட்டு ஐஎஸ்ஓ 15189 பார்க்கலாம். அது சோதனைத் திறனையே அளக்கிறது. மருத்துவத் துறைக்கென்றே 2023-இல் ஐஎஸ்ஓ 7101 வந்திருக்கிறது.

பதிவு வைக்கும் பழக்கமே இல்லாத சிறு மருத்துவமனைக்கு ஐஎஸ்ஓ 9001 நல்ல தொடக்கம். அறுவை சிகிச்சை நடக்கும் இடத்துக்கு அது போதாது. இன்னொன்று: ஐஎஸ்ஓ சான்றில் செயல் எல்லை என்றொரு வரி இருக்கும். அதில் 'புறநோயாளிப் பதிவு' என்று மட்டும் இருந்தால், அந்தச் சான்றுக்கும் அறுவை அரங்குக்கும் எந்த உறவும் இல்லை.