ஒன்றாம் வகுப்புச் சீருடை: ரெடிமேடா, தைப்பதா?

கத்தோலிக்கப் பள்ளியின் கட்டம் போட்ட சட்டைக்கு ரெடிமேடுதான் பத்திரம். கட்டமும் நிறமும் மாறாது. மாதத்தின் முதல் வெள்ளியன்று நடக்கும் திருப்பலிக்கு (பூசைக்கு) போடும் வெள்ளைச் சீருடைக்கும் அதுவே போதும். எப்படியும் கறை படிந்து மாற்றத்தான் வேண்டிவரும்.

பினாஃபோரை (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுனை) மட்டும் தைக்கக் கொடுங்கள். ரெடிமேடில் உள்மடிப்பு பெரும்பாலும் ஓர் அங்குலம்கூட இருக்காது. பிள்ளை வளர்ந்தால் முட்டிக்கு மேலே ஏறிவிடும், இறக்க வழியில்லை. டெய்லரிடம் கீழே 3 அங்குலம், பக்கத் தையலில் 1 அங்குலம் விடச் சொல்லுங்கள். காட்டன் கலந்த துணியை வெட்டும் முன் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்துங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கும். பின்னால் மடிப்பைப் பிரித்து இறக்கும்போது பழைய கோடு பளிச்சென்று தெரியும். அதன்மேல் அதே நிற நூலில் ஒரு தையல் ஓட்டினால் மறைந்துவிடும். சென்னையில் மே கடைசியில் கொடுத்தால் பள்ளி திறப்பதற்குள் கைக்கு வராது, மே முதல் வாரமே கொடுத்துவிடுங்கள்.