அமர்னா: அஸ்திவாரம் மட்டும் மிஞ்சிய தலைநகரம்

எகிப்துப் பயணத்தில் அமர்னாவைச் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு முழுப் பகலை ஒதுக்க முடிந்தால் கட்டாயம் போங்கள். இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அந்த நேரத்தை லக்சரில் செலவிடுங்கள். லக்சரின் கர்னாக் கோயில் போல அண்ணாந்து பார்க்கத் தூண்களோ, கூட்டம் மொய்க்கும் பிரமிடோ இங்கே இல்லை. நகரத்தின் தரைப்படம் மட்டும் பாலைவன மணலில் விரிந்து கிடக்கிறது. அதைப் படிக்கப் பொறுமை வேண்டும். படித்துவிட்டால் எகிப்தில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கைக்குக் கிடைக்கும்.

கெய்ரோவிலிருந்து தெற்கே 300 கி.மீ.க்குச் சற்று மேல், மின்யா மாகாணத்தில், நைலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அக்கெனாத்தென் மன்னன் பழைய கடவுள்களை ஒதுக்கிவிட்டு, சூரிய வட்டமான ஆத்தென் ஒன்றையே வணங்கத் தொடங்கியபோது, கி.மு. 1346 வாக்கில், யாருக்கும் சொந்தமில்லாத இந்த வெற்று நிலத்தைத் தேர்ந்து தலைநகரம் எழுப்பினான். மலைச்சரிவுகள் பிறை போல வளைந்து சூழ, நடுவே ஏறத்தாழ 10 கி.மீ. நீளமும் 5 கி.மீ. அகலமும் கொண்ட சமவெளி. 20,000 முதல் 50,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவன் இறந்த சில ஆண்டுகளில், துட்டன்காமன் காலத்தில், அரசவை கிளம்பிப் போய்விட்டது. பிறகு இதன் மேல் இன்னொரு பெருநகரம் எழவில்லை. அதனால்தான் அரண்மனை, அலுவலகம், பேக்கரி, சிற்பியின் பட்டறை, தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் எங்கெங்கே இருந்தன என்று இன்றும் சொல்ல முடிகிறது.

என் பணிக்காலம் முழுவதும் கட்டட வேலைத் தளங்களில் கழிந்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவது, நூல் பிடிப்பது, மட்டம் பார்ப்பது இவைதான் என் அன்றாடம். ஆகவே கல்லறைகளை விடக் கோயில்களின் அடித்தளமே என்னை இழுத்தது. சிறிய ஆத்தென் கோயிலில் ஆய்வாளர்கள் நிறுத்திய மாதிரித் தூண்கள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. மற்றபடி நீங்கள் பார்ப்பது, பழைய சுவர் போன தடத்தின் மேல் புதிதாக அடுக்கிய சுண்ணாம்புக்கல் வரிசை. அதற்கு அடியில்தான் விஷயம் இருக்கிறது. அஸ்திவாரக் குழியில் ஜிப்சம் சாந்தைக் கொட்டிப் பரப்பி, அது இறுகியதும் மேலே கறுப்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டை ஒட்டிக் கல் வைத்திருக்கிறார்கள். பிற்கால மன்னர்கள் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகும், கல் உட்கார்ந்த அச்சும் கோடுகளும் ஜிப்சத்தில் தங்கிவிட்டன. அகழ்வில் அவற்றை அளந்துதான் கோயிலின் வடிவத்தை மீட்டார்கள். 1977 முதல் 2024-இல் மறையும் வரை இந்த இடத்துக்காகவே உழைத்த பாரி கெம்ப் என்ற ஆய்வாளருக்கு அங்கே நின்றபோது மனதார நன்றி சொன்னேன்.

கல்லின் அளவையும் கவனியுங்கள். எகிப்தியர் வழக்கமாகப் பயன்படுத்திய பெரும்பாறைகள் அல்ல. தலத்தாத் என்று அழைக்கப்படும் இவை ஏறத்தாழ 52 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். என் கணக்கில் ஒரு கல் 70 கிலோ வரும். ஒரே ஆள் தோளில் தூக்கிவிடலாம். சறுக்குமரமும் நூறு பேர் இழுக்கும் கயிறும் தேவையில்லை. வேலை மளமளவென்று நடக்கும். மேஸ்திரியின் கண்ணால் பார்த்தால் அருமையான யோசனை. ஆனால் அந்த 70 கிலோ யார் தோளில் ஏறியது? இதற்கும் அமர்னாவில் பதில் கிடைத்திருக்கிறது. சாதாரண மக்களின் இடுகாடுகளைத் தோண்டியபோது, முதுகெலும்பு நசுங்கியவர்களும் ஊட்டமில்லாமல் வளர்ச்சி குன்றியவர்களும் வரிசையாக வெளிப்பட்டார்கள். வடக்குப் பக்கத்து இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 7 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்கள். ஏழு வயது! சுற்றுலாப் பிரசுரங்கள் அக்கெனாத்தெனின் ராணி நெஃபர்டிட்டியின் கழுத்தழகைச் சொல்லும். இந்தப் பிள்ளைகளைச் சொல்வதில்லை. வழிகாட்டி யாராக இருந்தாலும் இதைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

அரசு அதிகாரிகளுக்காகக் குடைந்த வடக்குக் கல்லறைகள் மலைச்சரிவில் உயரத்தில் இருக்கின்றன. படிக்கட்டு உண்டு, ஆனால் செங்குத்து; முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏற வேண்டும். காவலர் சாவிக்கொத்துடன் கூடவே வந்து ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார். என் மகளுக்கு மிகவும் பிடித்தது ஹூயாவின் கல்லறை. அரசத்தாய் தியேயின் காரியதரிசி இவர். விருந்துக் காட்சியில் அக்கெனாத்தென் ஒரு பெரிய எலும்போடு கூடிய இறைச்சித் துண்டைக் கையில் பிடித்துக் கடிக்கிறான். எதிரே நெஃபர்டிட்டி முழுப் பறவை ஒன்றைப் பிடித்திருக்கிறாள். எகிப்திய மன்னன் சாப்பிடும் காட்சியை வேறெங்கே பார்க்க முடியும்? அதே கல்லறையில் யூத்தி என்ற தலைமைச் சிற்பி முக்காலியில் உட்கார்ந்து இளவரசி ஒருத்தியின் சிலைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார். கைத்தொழிலாளி ஒருவரின் பெயர் சுவரில் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

“அம்மா, சூரியக் கதிர் எல்லாவற்றுக்கும் நுனியில் கை இருக்கிறது” என்றாள் மகள். “அந்தக் கை உயிரின் சின்னத்தை யார் மூக்கருகே நீட்டுகிறது என்று பார்” என்றேன். ராஜா, ராணி. குனிந்து நிற்கும் ஊழியர் கூட்டத்துக்கு ஒரு கையும் நீளவில்லை.

வடக்கே அஹ்மோஸ் என்ற அதிகாரியின் கல்லறையையும் தெற்கே ஆய் என்ற அதிகாரியின் கல்லறையையும் பாதி வேலையில் விட்டிருக்கிறார்கள். அதனாலேயே இரண்டையும் தவறவிடக் கூடாது. தூண் எப்படிப் பிறக்கிறது என்று ஆய் கல்லறையின் மண்டபத்தில் கண்ணெதிரே தெரிகிறது: கூரைப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து வந்திருக்கிறார்கள்; ஒரு பக்கம் மெருகேறிய தூண்கள், மறுபக்கம் பாறையிலிருந்து இன்னும் பிரியாத மொத்தைகள். ஆத்தெனைப் போற்றும் நெடும்பாடல் 13 நிரல்களில் வெட்டப்பட்டிருப்பதும் இங்கேதான். தெற்குக் கல்லறைகளுக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி வடக்கோடு திரும்பிவிடும். அரச கல்லறை மலைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்கில் தள்ளி இருக்கிறது. மிகவும் சிதைந்திருந்தாலும், மகளை இழந்த அரச தம்பதி அழும் காட்சியின் மிச்சம் உண்டு. வடக்கு அரண்மனையில் மண்செங்கல் சுவர்களைப் புதுச் செங்கல் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அறைகளின் வரிசையும் விலங்குத் தொழுவங்களும் தெளிவாகப் புரிகின்றன. அரை மணி நேரம் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வண்டி ஏற்பாடு செய்த பயண நிறுவனம் ‘முழு நாள்’ என்று பணம் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பும்படி ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருந்தது. தொலைபேசியில் வாதாடி, கூடுதல் பணம் கட்டித்தான் மாலை வரை இருக்க முடிந்தது. எந்தெந்த இடங்கள், எத்தனை மணி வரை என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது, நகரத்தின் நடுப்பகுதியில் எது என்ன என்று தெரியத் தரைப்படம் கையில் இருந்தே ஆக வேண்டும். படம் இல்லாமல் போனால் அது வெறும் மேடும் பள்ளமும்தான். பார்வையாளர் மையத்தில் உள்ள மாதிரி வீட்டை முதலில் பார்த்துவிட்டு வெளியே கிளம்பினால் பாதிக் குழப்பம் தீரும்.

நிழல் கிடையாது. இது இன்று நேற்றுக் குறை அல்ல. அரசரின் கடித அலுவலகம் இருந்த இடத்தில் 1887-இல் ஊர்க்காரர்கள் உரத்துக்காகப் பழைய செங்கல் மண்ணைத் தோண்டியபோது, ஆப்பு வடிவ எழுத்து பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. பாபிலோன், மித்தானி, பிப்லோஸ் என்று பல நாட்டு அரசர்கள் எழுதிய கடிதங்கள் அவை. இன்று வரை 380-க்கு மேல் கணக்கில் உள்ளன. அவற்றில் ஒன்றில் அசீரிய அரசர் அசுர்-உபல்லித், என் தூதர்களை ஏன் வெயிலில் நிறுத்திவைத்துச் சாகடிக்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்கிறார். ஆத்தென் கோயில்களில் வழிபாடு கூரையில்லாத வெட்டவெளியில் நடந்தது. நடுப்பகலில் பெரிய கோயிலின் முற்றத்தில் நின்று பார்த்த எனக்கு, அந்தத் தூதர்கள் பட்ட பாடு உடம்பால் புரிந்தது. குளிர்மாதங்களில் போங்கள், காலையில் முதல் ஆளாக உள்ளே நுழையுங்கள், தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாம் சேர்த்து, கட்டடம், நகர அமைப்பு, உழைப்பாளர் வரலாறு ஆகியவற்றில் நாட்டம் உள்ளவர்களுக்கு இது எகிப்தின் முதல் தர இடம். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். நெஃபர்டிட்டியின் புகழ்பெற்ற மார்பளவுச் சிலை 1912-இல் இங்குள்ள துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்தாலும் இருப்பது பெர்லினில். அதைத் தேடி இங்கே வர வேண்டாம்.

மின்யாவில் இன்னொரு நாள் தங்க முடிந்தால், மேற்குக் கரையில் அஷ்முனைன் போய்ப் பாருங்கள். அமர்னாவிலிருந்து பெயர்த்த கற்களை பிற்கால மன்னன் இரண்டாம் ராம்சேசின் ஆட்கள் அங்கேதான் தங்கள் கோயில் வாயில் கோபுரத்துக்குள் நிரப்பு கல்லாகத் திணித்தார்கள். பக்கத்தில் துனா எல்-கெபெலில் அக்கெனாத்தென் பாறையில் வெட்டிய எல்லைக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வண்டி போதும். அமர்னாவோடு ஒரே நாளில் சேர்த்துவிடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.