முதல் கோல்ஃப் மட்டைகள்: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

நான் முதலில் வாங்கியது தவறான செட். மாமா ஒருவர் வெளிநாட்டில் குடியேறும்போது விட்டுச்சென்ற பதினான்கு மட்டைகளைப் பையோடு 22,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டேன். பையில் பதினான்குக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது என்பதால், குறையே இல்லாத செட் கைக்கு வந்துவிட்டதாகப் பூரித்துப்போனேன். மாமா ஆறடி உயரம்; நான் ஐந்தடி நான்கு அங்குலம். மூன்றாம் மாதம் இடது முழங்கை வலிக்கத் தொடங்கியது. அடிக்கிற பந்தெல்லாம் இடப்பக்கமே போனது.

சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஆடுபவரின் பையைச் சுமக்கும் கேடியாக இருந்து பயிற்சியாளர் ஆனவர். ஒருநாள் நடுத்தரத் தூரத்துக்கான என் இரும்பு மட்டையை, 7 அயர்னை, தரையில் வைத்து நிற்கச் சொன்னார். மட்டைத் தலையில் தண்டை ஒட்டிய பக்கமான குதிகால் தரையில் இருக்க, மறுபக்க நுனி விரலளவு தூக்கி நின்றது. பிறகு பந்தின் மேல் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு மட்டையைப் பார்த்து நிமிர்ந்து நிற்குமாறு வைத்தார். அடித்தேன். மட்டையின் முகத்தில் மை சாய்வாகப் பதிந்திருந்தது.

“கோடு நேராக விழுந்தால் மட்டை உங்களுடையது சார். இது உங்களுக்கு நீளம்” என்றார்.

மூன்று மாதமாக என் கைகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நுனி தூக்கி நிற்கும் மட்டையின் முகம் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் பார்க்கும். பந்தும் அங்கேதான் போகும். போதாக்குறைக்கு அவை விறைப்பான இரும்புத் தண்டுகள். ஒவ்வொன்றும் 120 கிராம் அளவில் எடை. தலைகளோ தகடுபோல் மெலிந்தவை. நடுவில் படாத அடியெல்லாம் அதிர்வாக முழங்கைக்கு ஏறியது.

அந்தச் செட்டை விற்றுவிட்டு ஐந்தே மட்டைகள் வாங்கினேன். தூர அடிக்கு 4 ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், மணலிலிருந்தும் கிட்டத்திலிருந்தும் தூக்கி அடிக்க முகம் 56 டிகிரி சாய்ந்த சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்குள் உருட்டப் பட்டர். எல்லாம் பழையவை, மொத்தம் 18,000 ரூபாய். ஹைபிரிட்டுக்கும் அயர்ன்களுக்கும் கிராஃபைட் தண்டு, எடை 65 கிராம் சுமார். அயர்ன்களின் நீளத்தை அரை அங்குலம் குறைத்து வாங்கினேன். தலைகள் முதுகு குடைந்தவை. எடையை விளிம்புக்குத் தள்ளினால் நடு தவறிய அடியிலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் இதை முதலில் பட்டரில்தான் செய்து பார்த்தார், தன் பட்டிங் சரியில்லை என்பதற்காக. பிறகுதான் அயர்னுக்குக் கொண்டுவந்தார். புதிதாகக் கற்பவர் அவருக்கு நன்றிக்கடன் பட்டவர் என்றே நினைக்கிறேன்.

இரண்டு மாதத்தில் முழங்கை வலி போனது. முதல் இரண்டு ஆண்டுகள் இந்த ஐந்தோடுதான் ஆடினேன். 9 அயர்ன் போகும் தூரத்துக்கும் வெட்ஜ் போகும் தூரத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. அதை நிரப்ப அரை வீச்சு, முக்கால் வீச்சு கற்க வேண்டியதாயிற்று. இன்று என் ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்த முக்கால் வீச்சுதான். பை நிறைய மட்டை இருந்திருந்தால் அதைக் கற்றிருக்கவே மாட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். சேர்க்கும்போது மட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், பந்து போகும் தூரத்தை முடிவு செய்யும் முகத்தின் சாய்வுக் கோணத்தைக் கேளுங்கள். பழைய 7 அயர்ன் 34 டிகிரி. இப்போது வருபவற்றில் பல 28, 30 டிகிரி. இரண்டு செட்டைக் கலந்தால் ஒரே தூரம் போகும் இரண்டு மட்டைகள் பையில் சேர்ந்துவிடும். எனக்கு அப்படி ஆனது. மிகத் தூரம் அடிக்கும் நீள மட்டையான டிரைவரை மூன்றாம் ஆண்டில்தான் வாங்கினேன், 12 டிகிரியில். அதற்கு முன் வாங்காதது நல்லதாயிற்று.

பட்டரைக் கடைசியாக, மிச்சப் பணத்தில் வாங்குபவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. பதினெட்டுக் குழிகளையும் 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்ற ‘பார் 72’ கணக்கிலேயே, குழிக்கு இரண்டாக 36 அடிகள் பட்டருக்கு ஒதுக்கப்பட்டவை. என்னுடையது 33 அங்குலம். குனிந்தால் கண் பந்துக்கு நேர்மேலே வருகிறது. ஐந்து ஆண்டுகளில் நான் மாற்ற நினைக்காத ஒரே மட்டை இதுதான்.

தேய்மானம் பற்றி: சென்னை வியர்வையில் ரப்பர் பிடிகள் ஓராண்டுக்குள் பளபளத்து வழுக்குகின்றன. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் சில மாதம் தாங்கவைக்கும். அப்புறம் மாற்றத்தான் வேண்டும். துடைக்காமல் பையில் போட்ட வெட்ஜின் முகத்திலுள்ள பள்ளக் கோடுகளில் துரு ஏறிவிட்டது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் மட்டைகளை விடாதீர்கள், தலையையும் தண்டையும் ஒட்டும் பசை இளகக்கூடும்.

போன மாதம் தங்கை மகள் தானும் கற்க வேண்டும் என்றாள். வயது ஒன்பது. என் பழைய 7 அயர்னை வெட்டிக் கொடுக்கலாமே என்றாள் தங்கை. வெட்டினால் நீளம்தான் குறையும். தலையின் எடை அப்படியே இருக்கும், தண்டு இன்னும் விறைப்பாகும். சிறுவர்களுக்கான மூன்று மட்டைகள் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கும் முன் அவளையும் கடைக்கு அழைத்துப்போய், மார்க்கரால் பந்தில் கோடு போட்டுப் பார்க்கப்போகிறேன்.