13,500 ரூபாய்க்குப் புது போன் என்று பழைய போனைத் தலையில் கட்டிவிட்டார்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோவை காந்திபுரம் பக்கம் ஒரு செல்போன் கடையில் அப்பாவுக்காக 13,500 ரூபாய் கொடுத்து வாங்கிய போன் புதுசே இல்லை என்று இன்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். யாரோ ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய போன். டிஸ்ப்ளே மாற்றியது, அதுவும் ஒரிஜினல் இல்லை. பட்ஜெட்டுக்குத் தகுந்த போனை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும், பேங்க் ஆப்பும் வாட்ஸாப்பும் திணறாமல் ஓட வேண்டும், பேரன் வீடியோ காலில் வந்தால் முகம் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தேவை. எத்தனை மெகாபிக்சல் என்றெல்லாம் கேட்கப் போவதில்லை. 11,000 ரூபாய்க்குள் 6 ஜிபி ராம் (ஆப்கள் ஓடும்போது போன் பயன்படுத்தும் நினைவகம்), 128 ஜிபி ஸ்டோரேஜ், 5ஜி உள்ள ஒரு மாடலை நானே பார்த்து வைத்திருந்தேன். ஆன்லைனில் வேண்டாம், கடையில் வாங்கினால் ஏதாவது என்றால் நேரில் போய்க் கேட்கலாம் என்பது அப்பாவின் கணக்கு.

கடைப் பையன் அந்த மாடலை எடுத்துக் காட்டவே இல்லை. "அது வேண்டாமுங்கக்கா, ஆறு மாசத்துல ஹேங் ஆகும், பெரியவருக்குக் கொடுத்துட்டு நாங்க பேச்சு வாங்கணும்" என்றான். பதிலுக்கு இந்த 13,500 ரூபாய் போனை எடுத்து வைத்தான். 16 ஜிபி ராமாம், இந்த ரேட்டுக்கு வேறு எங்கேயும் கிடைக்காதாம். நான் யோசித்துக்கொண்டே டெம்பர்டு கிளாஸ் எவ்வளவு என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, முதலாளிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி, "இங்க 250 ரூபாய்ங்க, வெளிய தள்ளுவண்டில 50 ரூபாய்க்கு இதே கிளாஸ் ஒட்டித் தருவாங்க, அங்க ஒட்டிக்குங்க" என்றான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல பையன் கண்ணு" என்றார். 200 ரூபாயை விட்டுக்கொடுத்து 13,500 ரூபாயை வாங்கிக்கொண்டான் அந்த நல்ல பையன்.

பாக்ஸை எங்கள் எதிரில் பிரிக்கவில்லை. சிம் போட்டு, காண்டாக்ட் எல்லாம் ஏற்றி ரெடியாகக் கொண்டு வருகிறேன், பெரியவர் உட்காரட்டும் என்று உள்ளே எடுத்துப் போய்விட்டான். அப்பாவுக்கு டீ வந்தது. திரும்பி வந்தபோது எழுத்தைப் பெரிதாக்கி, பழைய போனில் இருந்த அம்மா படத்தையே முகப்பில் வைத்துக் கொடுத்தான். அதைப் பார்த்த பிறகு அப்பாவுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பில் கேட்டால், சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஜிஎஸ்டி பில் வாட்ஸாப்பில் வந்துவிடும் என்றார்கள். கையில் கிடைத்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. அதில் மாடல் பெயரும் 13,500-ம் தவிர ஒன்றும் இல்லை, ஐஎம்இஐ நம்பர்கூட, அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கும் தனி அடையாள எண்கூட இல்லை. அந்த பில் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

சில நாளிலேயே ஆரம்பித்தது. சூடாகிறது, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, தொடாமலே கீபோர்டில் எழுத்து விழுகிறது. பேங்க் ஆப்பில் தானாகப் பணம் போய்விடுமோ என்று பயந்து அப்பா போனைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். அந்த 16 ஜிபியும் கதைதான். செட்டிங்ஸில் பார்த்தால் 8 + 8. கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கி ராம் என்று கணக்குக் காட்டுவது, நிஜ ராமின் வேகம் அதற்கு வராது.

கடைக்குப் போனால் முதலில் "சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும்". அப்புறம் போனபோது முதலாளி பழனிக்குப் போயிருக்கிறார். வாட்ஸாப்பில் அனுப்பியதற்கு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. சரி என்று இன்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனோம். *#06# அடித்துக் காட்டினார்கள். திரையில் வந்த 15 இலக்க எண் ஒன்று, பாக்ஸில் ஒட்டியிருப்பது வேறொன்று. போனில் இருக்கும் எண்ணுக்கு வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டதாம்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். அக்கா அக்கா என்று பேசிய அதே பையன் "எந்த போனுங்க?" என்கிறான். முதலாளி, பழனியிலிருந்து வந்துவிட்டார் போல, "டிஸ்ப்ளே நீங்க கீழே போட்டதும்மா" என்கிறார். ஐஎம்இஐ எண் கீழே போட்டால் மாறுமா என்று கேட்டேன். சுவரில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' போர்டைக் காட்டினார். கடைசியில் பெரிய மனசு பண்ணி, அந்த போனை எக்ஸ்சேஞ்சில் 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், மேலே பணம் போட்டு வேறு எடுங்கள் என்றார். அவர் 13,500-க்கு விற்ற போன்! சீட்டு எடுத்த பணம் அது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். பாக்ஸின் சீலை நீங்களே உங்கள் கையால் பிரியுங்கள். பணம் கொடுக்கும் முன் *#06# அடித்து பாக்ஸோடு ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் (KYM) என்று போட்டு, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணை அடித்து 14422-க்கு மெசேஜ் அனுப்பினால் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று வரும். ஐஎம்இஐ உள்ள ஜிஎஸ்டி பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். ராம் கேட்டால் கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்த போர்டு செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம், பில் தராததும் அப்படித்தான். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லிவிட்டேன், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. யுபிஐயில் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அந்தத் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன.

கடை பெயரைக் கேட்காதீர்கள், புகார் முடியட்டும். இன்னொன்று, பழைய போனை அங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அதைக் கொடுக்காமல் வைத்திருந்ததால்தான் அப்பாவால் இப்போது பேசவாவது முடிகிறது.